முகத்துவாரத்தில் முக்கும் எஞ்சின்

தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் புன்னைக்காயல். ஆறு இறக்கிவைக்கும் வண்டலும் கடல் ஒதுக்கும் மணலும் சேர்ந்து முகத்துவாரத்தில் திட்டு போடும். ஒரு பருவத்தில் ஒரு பக்கம், அடுத்த பருவத்தில் வேறு பக்கம். அலை உடைகிற அந்தப் பட்டையைத் தாண்டும்வரை படகோட்டிக்கு வேண்டியது ஒன்றுதான்: எஞ்சின் நிற்கக் கூடாது. வெளிக்கடலில் நின்றால் நங்கூரம் போட்டுவிட்டுப் பிரித்துப் பார்க்கலாம். திட்டுக்கு நேரே நின்றால் படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை பக்கவாட்டில் அறையும்.

எஞ்சின்களும் பார்த்துப் பார்த்து அங்கேதான் நிற்கும். இதில் சகுனம் ஒன்றும் இல்லை. ஆற்றுக்குள் படகு மெதுவாக வருகிறது, எஞ்சின் குடிப்பது கொஞ்சம். கார்புரேட்டரின் அடியில் உள்ள சின்னக் கிண்ணம் எப்போதும் நிரம்பியே இருக்கிறது. முகத்துவாரத்தில் முழு வேகத்துக்குத் திருகியதும் தேவை பல மடங்கு கூடுகிறது. வரத்து அரைகுறையாக இருந்தால் கிண்ணத்தில் உள்ள இருப்பு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு எஞ்சின் முக்கும், இருமும், அணையும். கரையில் டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது ஒழுங்காக ஓடியதே என்றால், ஓடத்தான் செய்யும். அங்கே அதற்குச் சுமை இல்லை.

“பம்ப் போயிருச்சு” என்பதுதான் முதலில் வரும் தீர்ப்பு. புதுப் பம்ப் வாங்கி மாட்டுவார்கள். பல சமயம் அதுவும் அதே இடத்தில் அணையும். நல்ல பம்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கேட்பதற்கு முன்னால், பம்ப் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதற்காக இரண்டு எஞ்சின்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஃபைபர் படகின் பின்பலகையில் தொங்கும் 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் அவுட்போர்டு. மற்றது உள்ளங்கையில் அடங்கிவிடும் 7.5 சி.சி. நைட்ரோ எஞ்சின். மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் மசகெண்ணெயும் கலந்த எரிபொருளில், நிமிடத்துக்கு 20,000 சுற்றும் அதற்கு மேலும் சுழன்று, ரேடியோவால் இயக்கும் மாதிரிப் படகுகளைத் தண்ணீர்மேல் பறக்கவிடுவது அது. முன்னது பிழைப்பு, பின்னது செலவு பிடித்த பொழுதுபோக்கு. எரிபொருளை நகர்த்தும் இயற்பியல் இரண்டிலும் ஒன்றே. பெரிய எஞ்சின் பொறுத்துக்கொண்டு மறைக்கிற குறைகளைச் சின்ன எஞ்சின் அந்த நொடியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் அதையும் கூட்டிக்கொள்கிறேன்.

உறிஞ்சலுக்கு உச்சவரம்பு உண்டு

பம்ப் எண்ணெயை இழுக்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். பம்ப் செய்வதெல்லாம் தனக்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. டேங்கில் இருக்கும் எண்ணெயின்மேல் காற்று மண்டலம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்தம் குறைந்த பக்கமாக எண்ணெயைத் தள்ளுவது அந்தக் காற்றுதான். 1640களில் பாதரசம் நிரப்பிய குழாயை வைத்து டாரிசெல்லி இதை விளங்கவைத்தார். உறிஞ்சு பம்ப் தண்ணீரைச் சுமார் 10 மீட்டருக்கு மேல் ஏற்றாது என்பது கிணற்று வேலைக்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். ஏன் என்பதுதான் பிடிபடாமல் இருந்தது.

முத்துக் குளித்த கரை இதே கணக்கை வேறு வழியில் அறியும். முத்துப் பார்களில் பத்து மீட்டருக்கும் கீழே கல்லின் பாரத்தோடு இறங்கியவர்கள் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். வாயில் நீளமான குழாய் ஒன்றைக் கவ்விக்கொண்டு மேலே இருக்கும் காற்றை உறிஞ்சியிருக்கலாமே என்று தோன்றும். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நெஞ்சின்மேல் நீர் கூடுதலாக அழுத்துவது வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அதை எதிர்த்து விலாவைத் தூக்கித் தொடர்ந்து மூச்சிழுக்க மனிதத் தசைகளுக்கு வலு போதாது. மேலிருந்து காற்றை அழுத்தி அனுப்பினால் முடியும். கம்ப்ரசர் குழாயோடு சங்கு குளிக்க இறங்குவது அப்படித்தான் நடக்கிறது. உறிஞ்சலுக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தள்ளுவதற்கு அப்படி வரம்பில்லை, குழாய் தாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே எந்த எரிபொருள் அமைப்பைப் பார்த்தாலும் எதுவரை உறிஞ்சல், எங்கிருந்து தள்ளல் என்று முதலில் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

தள்ளுவது காற்று மண்டலம் என்றால் அது டேங்குக்குள் நுழைய வழி வேண்டும். அவுட்போர்டு டேங்க் மூடியில் உள்ள சின்னத் திருகு அதற்குத்தான். வண்டியில் ஏற்றும்போது சிந்தாமலிருக்க அடைப்பார்கள். கடலில் இறக்கும்போது திறக்க மறந்துபோகும். எண்ணெய் குறையக் குறைய டேங்குக்குள் அழுத்தம் இறங்கிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் உள்ளேயும் வெளியேயும் இழுபறியாகிவிடும். எந்த விலைக்கு வாங்கிய பம்பும் அங்கே தோற்கும். டேங்க் பக்கங்கள் உள்வாங்கி நசுங்கியிருப்பதைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்.

இன்னொன்று இதைவிடத் தந்திரமானது. தள்ளல் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் எண்ணெய் வெளியே பீறிடும், வாசனை அடிக்கும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சல் பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. வெளிக்காற்றுதான் உள்ளே போகும். குழாய் காய்ந்தே இருக்கும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். வெயிலில் விறைத்த ஹோஸ், துருவேறிய கிளிப், கனெக்டருக்குள் தேய்ந்துபோன ஓ-ரிங், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மெதுவாக ஓடும்போது பம்ப் உண்டாக்கும் உறிஞ்சல் குறைவு, அதனால் நுழையும் காற்றும் குறைவு. முழு வேகத்தில் எண்ணெயோடு குமிழியும் சேர்ந்து வரும். பம்ப் குற்றவாளி ஆக்கப்படுவது பெரும்பாலும் இந்த ஓ-ரிங் செய்த வேலைக்காகத்தான்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்ப் ஒன்று இருக்கிறதே, அதுவே போதும். எஞ்சின் முக்கும்போது பல்ப் தட்டையாக உறிஞ்சப்பட்டுக் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம்: மூடித் திருகு, வடிகட்டி, அல்லது டேங்குக்குள் இருக்கும் குழாய். எவ்வளவு அமுக்கினாலும் பல்ப் கெட்டியாகவே ஆகவில்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது. பல்பைத் தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தால் எஞ்சின் தெளிந்து ஓடுகிறதா? அப்போதுதான் பம்பைச் சந்தேகிக்க வேண்டும். பல்பின்மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அமுக்கும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்தால் உள்ளே உள்ள வால்வுகள் ஒழுங்காக உட்காரும் என்பது அவ்வளவாகத் தெரியாது.

எஞ்சினின் மூச்சில் ஓடுவது

இப்போது பம்புக்குள் போகலாம். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறும்போது அடியில் கிரேங்க் கேஸின் அழுத்தம் குறைகிறது, கீழே இறங்கும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை ஒரு சிறு துளை வழியாகப் பம்புக்குக் கொண்டுவருகிறார்கள். பம்புக்குள் டயாபிரம் என்ற மெல்லிய ரப்பர்த் தகடு. அதன் ஒரு பக்கம் துடிப்பு, மறு பக்கம் எண்ணெய். தகடு பின்வாங்கும்போது உள்வரும் வால்வு திறக்கிறது, முன்னே வரும்போது அது மூடி வெளியேறும் வால்வு திறக்கிறது. தனி மோட்டாரோ, மின்கம்பியோ, பெல்ட்டோ கிடையாது. எஞ்சின் ஓடினால் பம்ப் ஓடும், நின்றால் நிற்கும். உப்புக் காற்றில் வேலை செய்ய வேண்டிய ஒரு பொருளுக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை.

நிமிடத்துக்கு 5,000 சுற்று என்றால் நொடிக்கு 83 துடிப்பு. மணிக்குச் சுமார் 5 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்குப் பம்ப் ஒரு துடிப்பில் நகர்த்த வேண்டியது 0.017 மில்லிலிட்டர், அதாவது ஒரு சொட்டில் மூன்றில் ஒரு பங்கு. வேலை மிகச் சிறியது, ஆனால் நொடிக்கு 83 தடவை, மணிக்கணக்கில், ஒன்றுபோல நடக்க வேண்டும். கடையில் “இது நல்லா ஃபோர்ஸா அடிக்கும்” என்று ஒரு பம்பைக் காட்டினால் மயங்க வேண்டியதில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதவை ஒன்று ஊசி வால்வை மூடிப் பிடித்திருக்கிறது. பம்பின் அழுத்தம் அதன் பிடியை மீறினால் ஊசி தூக்கிக்கொள்ளும், கிண்ணம் வழியும், பிளக் நனையும். பம்பின் குணம் வலுவில் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது.

டயாபிரத்தில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் கதை வேறு. எண்ணெய் துடிப்புத் துளை வழியாக நேரே கிரேங்க் கேஸுக்குள் போய்விடும். பம்ப் பலவீனமாகி எரிபொருள் குறையும் என்று எதிர்பார்ப்போம், நடப்பதோ எதிர்மாறு: கறும்புகை, நனைந்த பிளக், கிளப்ப முடியாத எஞ்சின். கார்புரேட்டரை நாள் முழுக்கத் துடைத்தாலும் இது தீராது. துளை விழாமல் வெறுமே விறைத்துப்போன டயாபிரம் முகத்துவாரத்தில் கைவிடும் ரகம். மெதுவான வேகத்துக்கு அதன் அசைவு போதும், முழு வேகத்துக்குப் போதாது.

வள்ளங்களின் உள்ளே இருக்கும் டீசல் எஞ்சினைப் பற்றி ஒரே செய்தி. அதில் ஃபீட் பம்ப் கொண்டுவரும் எண்ணெயை இன்னொரு பம்ப் நூற்றுக்கணக்கான மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு உயர்த்தித் தெளிக்கிறது. நடுவில் ஒரு குமிழி அகப்பட்டால் உயர்த்த வேண்டிய அழுத்தத்தையெல்லாம் அது சுருங்கியே தின்றுவிடும், இன்ஜெக்டர் திறக்காது. “ஏர் எடுக்கணும்” என்று மெக்கானிக் திருகைத் தளர்த்தி நுரை போகும்வரை கையால் பம்ப் அடிப்பது அதனால்தான்.

உள்ளங்கை எஞ்சின்

9.9 குதிரைத்திறன் எஞ்சினோடு ஒப்பிட்டால் 7.5 சி.சி. எஞ்சின் எவ்வளவு குடிக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 6 சி.சி. காற்று நுழைகிறது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 20,000 சுற்றில் நொடிக்கு 2 லிட்டர் காற்று, எடையில் சுமார் 2.4 கிராம். ஒரு கிராம் பெட்ரோலை முழுதாக எரிக்க 14.7 கிராம் காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிராமே போதும், நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. திருப்பிச் சொன்னால், அதே காற்றுக்கு மெத்தனால் இரண்டு மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும், நைட்ரோ சேரச் சேர இன்னும் கூடும். மசகெண்ணெயையும் சேர்த்தால் இந்தக் குட்டி எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 மில்லிலிட்டர் குடிக்கிறது. அதே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 2.4 லிட்டர், மீன்பிடிப் படகின் எஞ்சின் குடிப்பதில் பாதி. ஒரு சுற்றுக்கு நகர வேண்டிய அளவோ ஒரு சொட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

இதோடு ஒரு பெரிய வேறுபாடும் உண்டு. குதித்துக் கவிழும் மாதிரிப் படகில் மிதவைக் கிண்ணம் வைக்க முடியாது. நைட்ரோ கார்புரேட்டரில் இருப்பது ஒரு துளையும் அதைக் கூட்டிக் குறைக்கும் ஊசியும்தான். அவுட்போர்டில் பம்பின் தடுமாற்றத்தைக் கிண்ணம் விழுங்கிவிடும். இங்கே அழுத்தத்தில் வரும் ஒவ்வொரு மாற்றமும் அந்த நொடியே கலவையில் தெரியும்.

படகு திரும்பும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பைப் போல நாலரை மடங்கு. டேங்கும் கார்புரேட்டரும் பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், குழாயில் நிற்கும் எரிபொருள் 4,000 பாஸ்கல் அழுத்தத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும், எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதைப் பொறுத்து. கார்புரேட்டர் கழுத்தில் காற்று நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் அது உண்டாக்கும் உறிஞ்சலே 6,000 பாஸ்கல்தான். மூன்றில் இரண்டு பங்கு ஒரு திருப்பத்திலேயே அடிபட்டுப்போகிறது. எரிபொருள் குறைந்தால் இந்த எஞ்சின் நிற்பதோடு விடாது. மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல மூன்று மடங்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், எஞ்சினைக் குளிரவைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கூடவே மசகெண்ணெயும் எரிபொருளோடுதான் வருகிறது. ஊட்டம் குறைந்த சில நொடிகளில் பிஸ்டன் சிராய்த்துப் போகும்.

இதற்குப் படகோட்டிகள் கண்ட வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது பம்பே இல்லாதது. புகைபோக்கியில் ஒரு சிறு துளையிட்டு, அங்கிருந்து குழாய் எடுத்து டேங்கின் தலையில் கொடுத்துவிடுகிறார்கள். எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடுகிறதோ அவ்வளவு புகையழுத்தம், அவ்வளவு தள்ளல். தேவையும் வரத்தும் தாமாகவே சேர்ந்து ஏறி இறங்குகின்றன. கார்புரேட்டருக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் இன்னொரு குட்டி டேங்கை வைத்து, பெரிய டேங்க் அதை நிரப்பும்படி செய்தால் குமிழிகளும் அங்கே தங்கிவிடும். சின்னப் படகு செய்கிறவருக்கு என் பரிந்துரை இதுதான். உடைவதற்கு இதில் எதுவும் இல்லை.

டேங்கை எஞ்சினிலிருந்து தள்ளியோ தாழ்வாகவோ வைத்தே ஆக வேண்டிய பெரிய மாதிரிப் படகில் பம்பைத் தவிர்க்க முடியாது. அப்போது இரண்டு வகை. கிரேங்க் கேஸ் துடிப்பில் ஓடுவது ஒன்று, புன்னைக்காயல் படகில் உள்ள அதே தத்துவம், நொடிக்கு 83க்குப் பதிலாக 333 துடிப்பு. இந்த வேகத்தில் வால்வின் எடையே தடையாகிவிடும். வால்வு மெல்லியதாகவும் லேசாகவும் இல்லாவிட்டால் ஒரு துடிப்புக்கு மூடி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். இரண்டாவது, எஞ்சினின் அதிர்வையே உணவாகக் கொள்வது. பெர்ரி நிறுவனத்தின் அதிர்வு பம்ப் இந்த ரகத்தில் பெயர் பெற்றது. அதைப் பிஸ்டன் அசையும் திசையில் பொருத்த வேண்டும். அதிர்வைக் குறைக்க எஞ்சினை மெத்தென்ற ரப்பர்மேல் உட்காரவைத்துவிட்டு, பம்பை அதிராத பலகையில் திருகிவிட்டு, எண்ணெய் வரவில்லை என்று குறைப்பட்டால் அதில் பம்பின் பிழை ஏது? எந்த வகையானாலும் கிண்ணம் இல்லாத கார்புரேட்டருக்கு அழுத்தத்தை ஒரே நிலையில் நிறுத்தும் சீராக்கி உள்ள பம்பே வேண்டும். வெறும் பம்ப் போதாது.

ரப்பரும் திரவமும்

பம்பின் ஆயுள் முடிவாவது பெரும்பாலும் வேதியியலில். எல்லா ரப்பரும் எல்லா எரிபொருளுக்கும் ஆகாது. கடைகளில் கறுப்பாக ஒரே மாதிரி தொங்கும் குழாய்கள் உள்ளுக்குள் வெவ்வேறு.

நைட்ரைல் ரப்பர் மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் மூன்றையும் நன்றாகத் தாங்கும். அவுட்போர்டு டயாபிரங்கள் பெரும்பாலும் துணியிழை வைத்த இந்த ரகம். மெத்தனாலில் ஊறினால் உப்பும், காய்ந்தால் விறைக்கும். சிலிக்கோன் குழாய் மெத்தனாலுக்கு உகந்தது, நைட்ரோ படகுகளில் வண்ண வண்ணமாக ஓடுவது அதுதான். அதையே மண்ணெண்ணெய்க்குப் போட்டால் பருத்துக் கனெக்டரிலிருந்து கழன்றுவிடும். வைட்டான் என்றால் உயர்ந்த சரக்கு என்ற பெயர் உண்டு. பெட்ரோலுக்கு உண்மையிலேயே உயர்ந்தது. ஆனால் அதன் சாதாரண ரகங்கள் மெத்தனாலில் வீங்கும், நைட்ரோமீத்தேனில் இன்னும் மோசம். ஈ.பி.டி.எம். ரப்பர் மெத்தனாலையும் நைட்ரோவையும் அலட்டிக்கொள்ளாது, மண்ணெண்ணெயில் கெட்டுவிடும். விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்கிறவர்கள் இங்கே ஏமாறுவார்கள். உயர்ந்த ரப்பர் என்று ஒன்று இல்லை, இந்த எண்ணெய்க்கு ஏற்ற ரப்பர் என்றுதான் உண்டு. புல்வெட்டும் எந்திரத்தின் பம்ப் மலிவாகக் கிடைக்கிறதே என்று நைட்ரோ படகில் பொருத்துகிறவர்கள் சில வாரங்களில் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

ரப்பரின் பெயர் தெரியாவிட்டால் சோதித்துவிடலாம். ஒரு துண்டை வெட்டி, நீளத்தைக் குறித்துக்கொண்டு, பயன்படுத்தப்போகும் எரிபொருளிலேயே மூடிய கண்ணாடிக் குப்பியில் ஒரு வாரம் ஊறவைத்து மறுபடி அளந்தால் போதும். நீண்டிருந்தால், பிசுபிசுத்தால், காய்ந்ததும் மடக்கும்போது வெடித்தால் வேண்டாம். ஏ.எஸ்.டி.எம். டி471 என்ற தரநிலையின் கீழ் ஆய்வகங்கள் செய்வதும் அடிப்படையில் இதுவே, கூடுதல் துல்லியத்தோடு.

நம் ஊரில் இந்தக் கேள்வி பொம்மைப் படகோடு நிற்பதில்லை. மண்ணெண்ணெய் அவுட்போர்டைக் கிளப்புவதற்குப் பெட்ரோல் வேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்புவார்கள். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலின் விற்பனையை மத்திய அரசு தொடங்கிவைத்தது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் அதுவே. எத்தனால் வருவதற்கு முன்பு செய்த டயாபிரமும் ஓ-ரிங்கும் உள்ள எஞ்சினில் அவற்றை மாற்றிவிடுவது நல்லது. வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

தண்ணீரும் இங்கேதான் நுழைகிறது. கடற்கரையின் ஈரக்காற்று, அரைகுறையாக மூடிய கேன், தெறிக்கும் அலை எல்லாம் சேர்ந்து எரிபொருளில் நீரைச் சேர்க்கும். மண்ணெண்ணெயில் நீர் கலக்காது, கனத்தால் அடியில் தங்கும். கண்ணாடிக் கிண்ணம் உள்ள வடிகட்டியைப் பம்புக்கு முன்னால் வைத்தால் கண்ணால் பார்த்தே வடித்துவிடலாம். எத்தனால் பெட்ரோல் கொஞ்ச நீரைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும், குழாய் உறிஞ்சுவது முதலில் அதைத்தான். மெத்தனாலோ நீரோடு எந்த அளவிலும் கலந்துபோகும். எந்த வடிகட்டியாலும் அதைப் பிரிக்க முடியாது, கேனை இறுக மூடிவைப்பது ஒன்றே வழி. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை புரண்டு புன்னைக்காயலைச் சூழ்ந்ததே, அப்படியொரு வெள்ளத்தில் மூழ்கி எழுந்த எஞ்சினில் பம்பைத் திறந்து துடைக்காமல் கயிற்றை இழுப்பது வீண் வேலை.

நைட்ரோ எரிபொருளில் ஆமணக்கெண்ணெய் சேர்வதற்குக் காரணம் உண்டு. பெட்ரோலியத்திலிருந்து வரும் சாதாரண எண்ணெய் மெத்தனாலில் கரையாது, ஆமணக்கெண்ணெய் கரையும், சூட்டிலும் வழவழப்பை விடாது. ஆனால் ஓட்டம் முடிந்து மெத்தனால் ஆவியானதும் அது வால்வின்மேல் பிசினாகப் படிந்து இறுகும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பம்ப் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் உடைந்திருக்காது, ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்து, குழாயில் இருப்பது தீரும்வரை எஞ்சினை ஓடவிடுகிறவரின் பம்ப் நீண்ட நாள் உழைக்கும்.

வாய் வைக்காதீர்கள்

கேனிலிருந்து டேங்குக்கு மாற்றும் பம்பைப் பற்றி மக்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. குழாயின் ஒரு முனையைக் கேனில் விட்டு மறுமுனையை வாயால் உறிஞ்சி இறக்குவது கடற்கரையிலும் லாரி ஷெட்டிலும் அன்றாடக் காட்சி. மண்ணெண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் கடுமையான அழற்சி உண்டாகும். மெத்தனால் அதைவிடக் கொடியது. உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணின் நரம்பைத் தாக்கும், 10 மில்லிலிட்டர் அளவே பார்வையைப் பறிக்கக்கூடும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது கள்ளச்சாராயத்தில் கலந்திருந்த இந்த மெத்தனால்தான். தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் இல்லாமல் இதை வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. நைட்ரோ படகு ஆசை உள்ளவர் முதலில் விசாரிக்க வேண்டியது பம்பை அல்ல, இந்த விதிகளை.

உரிமத்தோடு வைத்திருப்பவருக்கும் கையால் சுற்றும் பம்ப் அவசியம். மென்குழாயை உருளைகள் நசுக்கித் தள்ளும் வகை இதற்கு மிகப் பொருத்தம். திரவம் குழாயைத் தவிர வேறெதையும் தொடாது, வால்வு கிடையாது, எதிர்த்திசையில் சுற்றினால் டேங்கைக் காலியும் செய்யலாம். சின்ன மின்பம்புகள் சௌகரியமானவை, ஆனால் எரிபொருள் ஆவிக்குப் பக்கத்தில் மோட்டாரின் தீப்பொறி எனக்குப் பிடிக்காது. மெத்தனால் பகலில் கண்ணுக்குத் தெரியாத நீலச் சுவாலையோடு எரியும், பற்றிக்கொண்டது தெரிவதற்குள் கை சுட்டிருக்கும்.

கடைசியில் கடைக்குப் போகலாம். பம்பைக் கையில் வாங்கியதும் நான் பார்ப்பது அது திறக்கக்கூடியதா என்பதை. திருகுகளால் மூடியிருந்தால் டயாபிரத்தை மாற்றலாம், ஒட்டி மூடியிருந்தால் தூக்கி எறியத்தான் வேண்டும். அடுத்தது, அந்த டயாபிரமும் வால்வும் கேஸ்கட்டும் தனியாகத் தூத்துக்குடியில் கிடைக்குமா என்பது. எவ்வளவு உயர்ந்த பம்பானாலும் உதிரிபாகம் வெளியூரிலிருந்து வந்து சேரும்வரை படகு கரையில்தான் கிடக்கும். திருகுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் நல்லது. சாதாரண இரும்பு உப்பில் இறுகி, திறக்கும்போது தலை முறியும். வாங்கிய பிறகு பம்பின் உள்வழியில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தி, முழு வேகத்தில் ஓட்டி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பம்பைத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள், டேங்க் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே போங்கள்.

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வருகிறது. எஞ்சினைப் பிரிப்பது, டயாபிரம் மாற்றுவது எல்லாம் அப்போது நடந்துவிடும். நாட்டுப்படகுக்கு அந்தத் தடை கிடையாது, அதனால் நாள் குறித்துக் கொடுப்பாரும் கிடையாது. ஒரு செட் டயாபிரமும் இரண்டு ஓ-ரிங்கும் ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்துப் பாலித்தீன் பையில் கட்டிப் படகிலேயே வைத்துக்கொள்வது அவர்களுக்குத் தோதான ஏற்பாடு.